பீனிக்ஸ் அக்காவின் லைவ் புடவைக் கடை: டிவி விற்பனைக்கு ஃபோன் எடுத்தவளின் மதிப்புரை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், நம் இந்தியர்கள் நிறைய வாழும் பீனிக்ஸில் ஒரு வீட்டுக் கராஜிலிருந்து ஞாயிறு மாலைகளில் ஃபேஸ்புக் லைவில் புடவை விற்கும் அக்காவைப் பற்றிக் கோயிலில் பார்க்கும் பெண்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். நம்பிப் பணம் போடலாமா? துணி சொன்னபடி இருக்குமா? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடலாம். கூழ் பூஜைக்கு, காவடிக்கு, தீபாவளிக்கு, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். கல்யாணக் கூறைப்புடவை மட்டும் அங்கே வேண்டாம்.

இதை நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கல்யாணமாகி கும்பகோணத்திலிருந்து டர்பன் வந்த புதிதில், டிவியில் பொருள் விற்கும் ஒரு கம்பெனியில் ஆர்டர் எடுக்கும் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் கடைசி. கையில் இருந்த கான்வென்ட் இங்கிலீஷை நம்பி எடுத்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகும் விடியற்காலையிலும் டிவியில் இடம் மலிவு என்பதால் விளம்பரம் அப்போதுதான் நிறைய ஓடும். எனக்கும் அந்த ஷிஃப்ட்தான். திரையில் ஃபோன் நம்பர் வரும்வரை ஹால் அமைதியாக இருக்கும். நம்பர் வந்ததும் எல்லா லைனும் ஒரே நேரத்தில் எரியும். பத்து நிமிஷம் மூச்சு விட முடியாது. அப்புறம் மறுபடி அமைதி.

கூப்பிட்டவர்கள் எல்லாத் தரப்பிலும் இருந்தார்கள். காரூ பக்கத்துப் பண்ணை வீட்டிலிருந்து ஆஃப்ரிக்கான்ஸ் பேசும் அம்மாள், உம்லாசியிலிருந்து ஜூலு பாட்டி, டியூட்டி முடிந்து வந்து தூக்கம் வராத நர்ஸ், டர்பனின் இந்தியர் பகுதியான சாட்ஸ்வர்த்திலிருந்து நம் ஆன்ட்டிகள். என் பெயரைக் கேட்டதும் "நீ தமிழா, மா?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்குத் தமிழில் தெரிந்தது நாலு வார்த்தைதான். அந்த நாலையும் என்னிடம் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகுதான் காய்கறி வெட்டும் கருவிக்கு ஆர்டர் கொடுப்பார்கள். பலருக்கு அந்தக் கருவி வேண்டியிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். அந்த நேரத்தில் பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது. நானும் அவசரப்படுத்தாமல் பேசினேன். மேலதிகாரிக்கு அது பிடிக்காது.

கம்பெனி கையில் ஒரு தாள் கொடுத்திருந்தது. முதலில் பெயர், முகவரி. பிறகு "இன்னொன்று எடுத்தால் பாதி விலை". அதற்கும் வேண்டாம் என்றால் "அப்படியானால் இந்த மூடியாவது?" மூன்று தடவை மறுத்தால்தான் விடலாம். பொருள் தபாலில் போகும். தபால் நிலையத்தில் பணம் கட்டிப் பெட்டியை வாங்கிக்கொள்ள வேண்டும். பிரித்துப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். தக்காளி வெட்டுகிறதா நசுக்குகிறதா என்று வீட்டுக்குப் போனால்தான் தெரியும். நசுக்கினால் மறுபடி எங்களுக்குத்தான் ஃபோன். பணத்தைத் திருப்பித் தராதே, அதே விலைக்கு வேறு பொருள் வாங்கிக்கொள்ளும் கூப்பன் கொடு என்பது எங்களுக்கு வந்த உத்தரவு. காலையில் அழுதுகொண்டே பேசிய ஒரு மெரிபேங்க் பாட்டிக்கும் அந்தக் கூப்பனைத்தான் எழுத வேண்டியிருந்தது. அந்தப் பாட்டியின் புகார் என் காதோடு நின்றுபோயிற்று. அன்று இரவே அதே விளம்பரம் அதே சிரிப்போடு ஓடியது. அதே தக்காளி அழகாக வெட்டுப்பட்டது. பார்த்துக்கொண்டிருந்த அடுத்த பாட்டிக்கு எதுவும் தெரிய வழியில்லை.

டிவி விற்பனையில் எனக்குப் பெரிய குறை என்றால் இதுதான். பொருள் மட்டமா உசத்தியா என்பதுகூட அப்புறம். ஒருத்தருக்கு நேர்ந்தது இன்னொருத்தருக்குத் தெரியாமலே வியாபாரம் நடந்தது. வாங்குகிறவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் ஒவ்வொருவரும் தனித்தனி.

இந்த வியாபாரம் பிறந்த இடம் அமெரிக்கா. 1977-இல் ஃப்ளோரிடாவின் கிளியர்வாட்டர் ஊரில், ஒரு வானொலி நிலையத்துக்கு விளம்பரப் பணம் தர முடியாத வியாபாரி டப்பா திறக்கும் கருவிகளைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார். 112 கருவிகள். பாப் சர்கோஸ்டா என்ற அறிவிப்பாளர் வானொலியிலேயே அவற்றை ஒன்று 9.95 டாலருக்குக் கூவி விற்றார். அத்தனையும் போய்விட்டது. அதைப் பார்த்துதான் லோவல் பாக்ஸனும் ராய் ஸ்பியரும் 1982-இல் கேபிள் டிவியில் ஹோம் ஷாப்பிங் சேனலைத் தொடங்கினார்கள். 1986-இல் ஜோசஃப் சீகல் க்யூ.வி.சி.யை ஆரம்பித்தார். நாள் முழுக்க விற்பனை மட்டுமே ஓடும் சேனல்கள் அவை. அந்த க்யூ.வி.சி.யின் தாய் நிறுவனம் 2017-இல் பழைய ஹோம் ஷாப்பிங்கையே வாங்கிவிட்டது. இன்றைக்கு அங்கேயும் கேபிளை வெட்டிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். க்யூ.வி.சி.யே டிக்டாக்கில் போய் விற்கிறது. ஊரில் என் அம்மா ஹோம்ஷாப்18, நாப்டோல் எல்லாம் பார்த்தவள். இப்போது யூடியூபில் புடவை பார்க்கிறாள்.

தென்னாப்பிரிக்காவில் டிவியே 1976 ஜனவரியில்தான் முறையாக வந்தது. மைக்கேல் வான் ஸ்ட்ராட்டன் வெரிமார்க் தொடங்கியது அதற்கு அடுத்த வருஷம். டிவியில் செய்து காட்டி விற்ற அந்தப் பெயர் இன்று மால்களில் கடையாக நிற்கிறது. அந்த மாற்றத்தை நான் மதிக்கிறேன். டிவியில் பார்த்த துடைப்பத்தைக் கடையில் போய்க் கையில் பிடித்துப் பார்க்கலாம், சரியில்லை என்றால் பில்லோடு அதே கவுண்டருக்குத் திரும்பப் போய் நிற்கலாம். டிவியில் பேசிய ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் தவித்த காலத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! டேக்அலாட், டெமு, 2024-இல் இங்கே வந்த அமேசான் போன்ற இணையக் கடைகள் எல்லாம் வேறு கதை. அங்கே யாரும் நம்மோடு பேசுவதில்லை. நான் எழுதுவது ஒரு ஆள் பேசி, காட்டி, விற்பதைப் பற்றி.

சரி, அக்காவின் கராஜுக்கு வருகிறேன்.

இரும்புக் கம்பியில் புடவைகள் தொங்கும். நடுவே ஒரு மேஜை, வட்ட விளக்கு, ஃபோனுக்கு ஒரு ஸ்டாண்ட். அக்கா கேமராவுக்கு முன்னால், மகன் பின்னால் உட்கார்ந்து கமெண்ட்களைப் படித்துச் சொல்வான். ஒவ்வொரு புடவையிலும் எண் எழுதிய சீட்டு குத்தியிருக்கும். அக்கா எண்ணைச் சொல்லி, உடல், கரை, முந்தானை, ரவிக்கைத் துண்டு என்று வரிசையாகக் காட்டி விலை சொல்வார். வேண்டியவர் எண்ணைப் போட்டு "மைன்" என்று எழுத வேண்டும். முதலில் எழுதியவருக்கே புடவை. மகன் பெயரைச் சத்தமாகச் சொல்லுவான், அக்கா சீட்டில் எழுதிக் குத்திவிட்டு அடுத்ததை எடுப்பார். பேச்சு முழுக்க நம் டர்பன் இங்கிலீஷ்தான். ஆனால் முந்தானை, ஜரிகை, கரை, கூழ், கரகம் எல்லாம் தமிழில்தான் வரும்.

விலை நியாயம். செயற்கைப் பட்டு 350 ரேண்டிலிருந்து, மெல்லிய பட்டு 900 பக்கம், நல்ல பட்டு 2,500-க்கு மேல். கட்டத் தெரியாத சின்னப் பெண்களுக்காகக் கொசுவம் வைத்துத் தைத்த புடவையும் உண்டு. அது பாவாடை மாதிரி இழுத்துக் கொக்கி போட்டால் முடிந்தது. இங்கே பிறந்த பெண்கள் காவடிக்கு வெளிர்சிவப்பும் மஞ்சளும் கட்ட ஆசைப்படுகிறார்கள், கட்டிவிட வீட்டில் ஆள் இல்லை. அக்கா அதைப் புரிந்து வைத்திருக்கிறார். கிரே ஸ்ட்ரீட்டில், அதாவது இப்போதைய டாக்டர் யூசுப் தாதூ தெருவில், புடவைக் கடைக்காரர்கள் இதற்கு மூக்கைச் சுருக்குவார்கள்.

நான் நம்பிக்கை வைத்தது எதனால் என்று சொல்கிறேன். ஒரு லைவில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு புடவை வந்தது. அட்டைப் பெட்டியில் "கஞ்சிவரம் பட்டு" என்று அச்சிட்டிருந்தது. விலை 1,800. பெட்டியைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். காஞ்சிபுரத்தில் யாரும் இப்படிப் பளபளவென்று படம் போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து எனக்குக் கொடுத்ததில்லை. "அக்கா, குஞ்சத்தில் ஒரு நூலை எரித்துக் காட்டுவீர்களா?" என்று கமெண்டில் எழுதினேன். மகன் படித்துவிட்டு ஒரு நொடி நிறுத்தினான். அக்கா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "கேட்டது நல்லது" என்று சொல்லிவிட்டு முந்தானைக் குஞ்சத்திலிருந்து இரண்டு இழை உருவினார். ஊதுபத்தி ஏற்றும் லைட்டரை எடுத்து, இடுக்கியில் பிடித்த இழையைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கொளுத்தினார்.

இழை சுருண்டு உருகியது. முனையில் கறுப்பாக, கடுகளவு ஒரு மணி. அக்கா அதை நகத்தால் நசுக்கிப் பார்த்தார், நசுங்கவில்லை. உண்மைப் பட்டு என்றால் முடி கருகிய நாற்றம் வரும், விரலில் தேய்த்தால் சாம்பல் பொடியாக உதிரும். இப்படி உருகிக் கெட்டியானால் அது பாலியெஸ்டர். அக்கா பெட்டியைத் திருப்பிக் கீழே வைத்தார். "திஸ் இஸ் நாட் சில்க், மா. என்னிடம் கொடுத்தவன் சில்க் என்று சொன்னான். நான் சொல்ல மாட்டேன்" என்றார். விலையை அங்கேயே 600 ஆக்கினார். "செயற்கைப் பட்டு என்று தெரிந்தே வேண்டுபவர் மட்டும் மைன் போடுங்கள்" என்றார். போட்டார்கள். அழகான புடவைதானே, 600-க்கு என்ன குறை? அதற்குப் பிறகு 2,000-க்கு மேல் விலை உள்ள ஒவ்வொரு புடவையையும் நூல் எரித்து, ஜரிகையை நாணயத்தால் லேசாகச் சுரண்டிக் காட்டுவதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல் ஜரிகை. செம்புக் கம்பியோ வெள்ளை நூலோ தெரிந்தால் இல்லை.

நான் வேலை பார்த்த அந்தக் கம்பெனியில் இது நடந்திருக்கவே முடியாது. அங்கே படம் முன்னமே எடுத்தது. கேள்வி கேட்பவள் ஃபோனில் தனியாக, பதில் சொல்பவள் கையில் தாள். இங்கே ஒருத்தி கேட்டால் பார்க்கும் அத்தனை பேருக்கும் பதில் கிடைக்கிறது. போன வாரம் வாங்கியவள் இந்த வாரம் வந்து "சாயம் போயிற்று" என்று எழுதுகிறாள், அக்கா எல்லார் முன்னாலும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மெரிபேங்க் பாட்டிக்கு அன்று இப்படி ஒரு இடம் இருந்திருந்தால் என் கூப்பன் எல்லாம் எடுபட்டிருக்காது. வாங்குகிறவர்களும் மாறிவிட்டார்கள். அன்று "டிவியில் காட்டியது நிஜமா?" என்று கேட்டார்கள். இன்று "முந்தானையின் பின்பக்கத்தைக் காட்டு, நூல் தொங்குகிறதா பார்ப்போம்" என்கிறார்கள்.

பணம் கட்டுவது, அனுப்புவது எல்லாம் ஒழுங்கு. லைவ் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் கணக்கு வரும். வங்கியில் பணம் போட்டு பி.ஓ.பி., அதாவது பணம் கட்டிய ரசீதின் படத்தை அனுப்பினால் மறுநாள் பார்சல் கிளம்பும். பெரும்பாலும் பெப் கடைகளில் கொண்டுபோய்க் கொடுக்கும் பாக்ஸி பை. நமக்குப் பக்கத்தில் உள்ள பெப் கடையின் எண்ணைக் கொடுத்தால் அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம். தபால் நிலையங்கள் இன்று இருக்கும் நிலையில் இந்த ஏற்பாடு இல்லை என்றால் சின்ன வியாபாரிகள் என்ன செய்வார்கள் என்றே தெரியவில்லை. எனக்கு வந்த பார்சல்களில் புடவை பிளாஸ்டிக் உறையில், சீட்டோடு, மடிப்புக் கலையாமல் இருந்தது. லே-பையும் உண்டு, அதாவது புடவையை எடுத்து வைக்கச் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டி முடித்ததும் வாங்கிக்கொள்வது. ஜூலையில் ஒரு பகுதி கட்டி, தீபாவளிக்குள் முடிக்கலாம். மாதச் சம்பளத்தில் மூன்று பெண் பிள்ளைகளுக்கு எடுக்க வேண்டிய வீட்டுக்கு இது பெரிய உதவி. பொருள் நம் கைக்கு வந்து சேரும்வரை அதற்குக் கடைக்காரரே பொறுப்பு என்று சட்டமும் சொல்கிறது.

இப்போது குறைகள்.

நிறத்தை நம்பாதீர்கள். வட்ட விளக்கின் வெளிச்சத்தில் அரக்கு சிவப்பாகத் தெரிகிறது, கிளிப்பச்சை வெளுத்துத் தெரிகிறது. எனக்கு வந்த மாம்பழ மஞ்சள் புடவை வீட்டு வெளிச்சத்தில் கடுகு நிறம். விளக்கை அணைத்துக் காட்டச் சொன்னால் காட்டுகிறார், ஆனால் கேட்டால்தான். இதை அவராகவே செய்ய வேண்டும்.

வேகம் அதிகம். மைன் போட்ட நேரத்தில் ஒரு விநாடி தவறினால் புடவை இன்னொருத்திக்கு. அந்தப் பதற்றத்தில் யோசிக்காமல் எழுதிவிடுகிறோம். எங்கள் ஹாலில் கடிகாரத்தை ஓடவிட்டு விற்றதும் இதே பதற்றத்தை நம்பித்தான். அக்கா வேண்டுமென்றே செய்வதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் லைவ் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் "வேண்டாம்" என்று சொன்னால் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்வதை அவர் பேஜில் எழுதிப் போட வேண்டும்.

2023-இல் லோட்ஷெடிங் என்கிற மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது பாதியில் லைவ் அறுந்துபோய், யாருக்கு எந்தப் புடவை என்று குழப்பம் வந்தது. இன்வெர்ட்டர் வாங்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

முக்கியமான குறை, முகவரி. பேஜில் செல் நம்பர் மட்டும்தான் இருந்தது. 2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தின்படி இணையத்தில் விற்பவர் தன் முழுப் பெயர், இருக்கும் இடத்தின் முகவரி, ஃபோன் நம்பர் மூன்றையும் வெளிப்படையாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் வாங்கியவர் ரத்து செய்யலாம். எல்லாம் சரியாகக் காட்டியிருந்தாலும் 7 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம், திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. 2011-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பழுதான பொருளுக்கு 6 மாதம் வரை பழுது நீக்கம், மாற்றுப் பொருள், பணம் மூன்றில் எது வேண்டும் என்று வாங்கியவரே கேட்கலாம். நான் ஃபோன் எடுத்த காலத்தில் இந்த இரண்டு சட்டமும் இல்லை. இதையெல்லாம் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். வீட்டு முகவரியை ஊருக்கே காட்டப் பயமாக இருக்கிறது என்றார். பீனிக்ஸில் 2021 ஜூலைக் கலவரத்தை அனுபவித்த ஒரு பெண் அப்படிச் சொல்லும்போது என்ன பதில் சொல்வது? ஆனாலும் சட்டம் அவருக்கும் பாதுகாப்புதான் என்று பொறுமையாக விளக்கினேன். இப்போது பேஜில் முழுப் பெயரும் முகவரியும் இருக்கின்றன. முன்கூட்டிச் சொல்லிவிட்டு நேரில் வந்தும் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார். நான் போய்ப் பார்த்தேன். கதவிலேயே தேநீர் கொடுத்தார்.

முகவரியை நான் இவ்வளவு பிடித்துக்கொள்வதற்குக் காரணம் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் என் நாத்தனாருக்கு நடந்தது. வேறு ஒரு பேஜ். யாரோ பதிவு செய்து வைத்த பழைய வீடியோவைத் திருடி "லைவ்" என்று ஓடவிட்டிருக்கிறார்கள். 4,000 ரேண்ட் போட்டாள். மறுநாள் பேஜும் இல்லை, நம்பரும் இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். புதுப் பேஜ் என்றால் பணம் போடுவதற்கு முன் கமெண்டில், "என் பெயரைச் சொல்லி அந்தப் பச்சைப் புடவையை இடது கையில் தூக்கிக் காட்டுங்கள்" என்று கேட்கிறோம். நிஜ லைவ் என்றால் சிரித்துக்கொண்டே தூக்குவார்கள். திருடிய வீடியோ தூக்காது. அக்காவிடம் இதைக் கேட்டபோது இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று தூக்கிக் காட்டினார்.

கூறைப்புடவை ஏன் வேண்டாம் என்றேன்? அதைத் தொட்டு, தோளில் போட்டு, மாமியாரும் அத்தையும் பக்கத்தில் நின்று சண்டை போட்டு எடுக்க வேண்டும். எடை கையில் தெரிய வேண்டும். அக்காவே "கல்யாணப் பட்டுக்கு டவுனுக்குப் போங்கள், மா" என்றுதான் சொல்கிறார். தன்னிடம் இல்லாததை இல்லை என்று சொல்லும் வியாபாரி.

தீபாவளிக்கு எடுப்பவர்கள் கவனிக்க: லே-பை தொடங்க ஜூலை கடைசி வரை மட்டும்தான் நேரம். பாக்ஸி பை வர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னதாகவே முழுப் பணத்தையும் கட்டிவிடுங்கள். ரவிக்கை தைக்க வேண்டும் என்றால் இன்னும் முன்னதாக. சாட்ஸ்வர்த் தையல்காரர்கள் செப்டம்பரிலேயே புது வேலை எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.